கூப்பிடுவதற்கு ஒரு வீடு

என் கணவர் தன் சாய்மனைக் கதிரையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. அதற்கு முன்பே சாரம், துவாய், மண்வெட்டி, டோர்ச் லைட் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. அதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை. வேளாமை செய்கிற ஆம்பிளை வட்டை என்கிற வயல்வெளிக்குப் போவான், வயல் நடுவே வாடி என்று ஒரு கொட்டில் அடித்துக் காவல் கிடப்பான், வெட்டு முடிந்தால் வீட்டுக்கு வருவான். என் அப்பாவும் அப்படித்தான் போய் வந்தார். ஆனால் நெல்லுக்குக் காவல் இருக்கப் போகிற மனிதனுக்குச் சாய்மனைக் கதிரை எதற்கு? சாய்ந்துகொண்டா பன்றி விரட்டுவார்?

"முதுகு நோகுது" என்றார்.

"வீட்டில கிடந்தா நோகாது" என்றேன்.

கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு துறைப் பக்கம் நடந்தார். பின்னாலிருந்து பார்க்க, கதிரைக்கே கால் முளைத்துக் கோபித்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பைத்தான் வெளியே விட்டேன். அது என் பழக்கம்.

எங்கள் ஊர் குருமண்வெளி. முன்னால் வாவி. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். சூரியன் எழும்புகிற பக்கம் நாங்கள் இருப்பதால் இது எழுவான்கரை. அது போய் விழுகிற அந்தப் பக்கம் படுவான்கரை. எங்கள் துறைக்கு நேரே எதிர்த்தாற்போல் மண்டூர். இரண்டுக்கும் நடுவே பாதை ஓடுகிறது. பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான இயந்திரப் படகு. பாலம் வரும், பாலம் வரும் என்று நான் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே சொல்கிறார்கள். என் தலையும் நரைத்துவிட்டது.

அவர் மண்டூர்க்காரர். வயலும் அவருக்கு அந்தப் பக்கம்தான். கல்யாணம் கட்டித்தான் இந்தக் கரைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுடையது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆம்பிளை ஒரு பெட்டியோடு வந்து சேருவான். இதை வெளியூர் ஆட்களிடம் சொன்னால், "அப்ப நீங்கதான் ராசாத்தி" என்று கேலி செய்வார்கள். ராசாத்தியும் இல்லை, கூசாத்தியும் இல்லை. எங்களுக்கு அது முறை. பெண் இருக்கிற இடத்தில் இருப்பாள், ஆண் வருவான். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவனும் அவன்தான். ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறவள் அவள்தான். கூப்பிட்டால் வரவேண்டும். இதெல்லாம் என் எலும்புக்குள் ஊறிக் கிடந்தது.

கல்யாணத்தன்று அவர் பாதையில் வந்தார். அந்தக் காலத்தில் இயந்திரம் கிடையாது, ஆள் தள்ளித்தான் வரும். கரை தட்டுவதற்கு முன்னமே அவசரப்பட்டுக் காலை வைத்து, பட்டு வேட்டியோடு முழங்கால்வரை சேற்றில் புதைந்துபோனார். வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ என் தம்பி ஒரு செம்புத் தண்ணீரோடு தயாராக நின்றான். அது சும்மா ஒரு சடங்கு, இரண்டு கை தெளித்தால் முடிந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு செம்புக்கு அந்தச் சேறு அசையவில்லை. கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. "மாப்பிள்ள வயலோடயே வந்திருக்காரு!" என்று என் மாமி ஒருத்தி கத்த, பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, வீட்டுக்குள் யாரையோ தேடினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு யுத்தம் நடந்த பிரச்சினைக் காலம். எங்கள் கரையில் ஆமி, அந்தக் கரையில் இயக்கம். துறையில் சென்றி என்கிற காவலரண். அடையாள அட்டை பார்ப்பார்கள், பையைக் கிளறுவார்கள், சோற்றுப் பார்சலைக்கூட விரித்துப் பார்ப்பார்கள். சில நாட்களில் பாதையே ஓடாது. வயலை விட்டால் சாப்பாடு இல்லை என்பதால் அவர் போவார். நான் கைப்பிள்ளையான மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைக்கு மேலே நிற்பேன். போனவர் திரும்பி வருவாரா என்று எந்த நாளும் நிச்சயம் இருந்ததில்லை. ஆனால் வந்தார். பாதை ஓடாத நாளில் எங்கோ கீழே ஒரு மீன்காரனின் தோணியைப் பிடித்து, நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்தார்.

"ஏன் இப்பிடி உசிரக் குடுத்துக்கிட்டு வாறீங்க? அங்கேயே எங்கேயாவது கிடந்திருக்கலாமே" என்று ஏசுவேன்.

"வீட்டுக்கு வரத்தானே வேணும்" என்பார்.

அவ்வளவுதான். ஆசை வார்த்தை எதுவும் அந்த மனிதனுக்கு வராது. வீட்டுக்கு வருவதுதான் அவருக்குத் தெரிந்த ஆசை. இப்போது துறையில் சென்றி இல்லை, காலை முதல் மாலை வரை பாதை ஓடுகிறது. தடுக்க ஒருவரும் இல்லை, வரவும் ஒருவரும் இல்லை. இதை நினைத்துத்தான் நான் பல நாள் அடுப்படியில் தனியாக அழுதேன்.

எல்லாம் மகளின் கல்யாணத்தோடு தொடங்கியது. மாப்பிள்ளை சரிவந்ததும் வீட்டை அவளுக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது சிலர் வளவின் மூலையில் தங்களுக்கென்று சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த மாரியில் வெள்ளம் வேளாமையைக் கொண்டுபோயிருந்தது. "மறுகா பாப்பம்" என்று பிறகுக்குத் தள்ளினோம். குசினிக்குப் பக்கத்தில் நெல்மூட்டை அடுக்குகிற அறை இருந்தது. மூட்டைகளை ஒதுக்கி ஒரு கட்டிலைப் போட்டோம். அந்த அறைக்கு வெளியே போக வாசல் இல்லை. மகளுடைய ஹோலுக்குள்ளால்தான் போய்வர வேண்டும். அதைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வீடு கொடுக்கிற சந்தோசத்தில் வாசலை யார் நினைக்கிறது?

மருமகன் நல்ல பிள்ளை. குறை சொன்னால் வாய் வேகும். களுவாஞ்சிக்குடியில் ஒரு போன் கடையில் வேலை. மாலையில் வந்து ஹோலில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். என் கணவர் வெளியே நின்று இருமுவார். இருமல் கேட்டதும் அந்தப் பிள்ளை எழும்பி நிற்கும். இவர் குனிந்துகொண்டு உள்ளே போகும்வரை உட்காராது. சற்று நேரத்தில் இவருக்குத் தண்ணீர் விடாய்க்கும், மறுபடியும் இருமல், மறுபடியும் அது எழும்பும். மாமனுக்கும் மருமகனுக்கும் மரியாதையிலேயே முழங்கால் தேய்ந்தது. நான் மட்டும் என்ன, மருமகனுக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் பிறந்த வீட்டில் சுவரோடு சுவராகப் பூனை மாதிரி நடந்தேன்.

முதலில் அவருடைய சாய்மனைக் கதிரை ஹோலிலிருந்து மாமரத்தடிக்குப் போனது. மழை வந்ததும் குசினித் தாழ்வாரத்துக்கு வந்தது. ஒருநாள் அதில் சாய்ந்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உன்ட வீட்டில இருந்தன். அது எனக்குப் பழக்கம். இப்ப மகள்ட வீட்டில இருக்கன். இது பழகுதில்ல புள்ள."

நான் அதைக் கேட்டும் கேளாததுபோல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் வட்டையில் வேலை கூடியது. யானை வருகிறது என்றார், பன்றி வருகிறது என்றார், கிளி வருகிறது என்றார். படுவான்கரையின் சகல சீவராசிகளும் இவருடைய வயலைத்தான் தேடி வந்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் இல்லாதது தொடக்கத்தில் சுகமாகத்தான் இருந்தது. குறட்டை இல்லை, பீடி நாற்றம் இல்லை. கட்டிலில் கையைக் காலை நீட்டிப் படுத்தேன். பேத்தி பிறந்தாள், அவளைக் குளிப்பாட்டவும் பால் மாவு கரைக்கவும் பொழுது போதவில்லை. இடையில் தையல் மெஷின். ஆளில்லாத குறையே தெரியவில்லை. இப்படித்தான் மனிதர்கள் ஒருவரை ஒருவர் விட்டுப்போகிறார்கள் போல. சண்டையில் இல்லை, சௌகரியத்தில்.

போன் பேச்சும் சுருங்கிக்கொண்டு வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ஓம். நீ?"

"ஓம். மழையா அங்கால?"

"லேசாத் தூறுது."

பிறகு பேத்தி போனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வாள். அவளுடைய எச்சில் சத்தத்தை அவர் சிரித்துச் சிரித்துக் கேட்பார். எனக்குச் சிரிப்பதில்லையே என்று இருக்கும். பேத்தியோடு போட்டி போடுகிற வயதா எனக்கு?

ஒருநாள் பேச்சுவாக்கில், "இண்டைக்கு றால் சுண்டல், நல்லா இருந்த" என்று சொல்லிவிட்டார். வாடியில் அவருக்குத் தெரிந்த சமையல் சோறும் பருப்பும். இறாலை உரித்துச் சுண்டுகிற பொறுமை அவருக்குக் கிடையாது. "ஆர் சமைச்ச?" என்று கேட்டேன். "மச்சாள் குடுத்தனுப்பின" என்றார். ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மச்சாள் என்றால் அவருடைய மாமன் மகள். முறைப்படி அவருக்குத்தான் பேசியிருந்தார்கள், ஏதோ பெரியவர்களுக்குள் வந்த மனக்கசப்பில் அது நின்றுபோய்த்தான் அவர் ஆற்றைக் கடந்து என்னிடம் வந்தார். வட்டைக்குப் போகிற வழியில் கடைசி வீடு அவளுடையது. புருசன் செத்துச் சில வருசம். பெண் பிள்ளை இல்லை, மகன்மார் மட்டும்தான். அவர்கள் கல்யாணம் கட்டித் தங்கள் பெண்சாதிமாருடைய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். "பாவம், வீட்டைக் குடுக்க ஒரு பொம்பிளப் புள்ள இல்ல" என்று நானே எத்தனையோ தரம் இரங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் யோசித்தேன். கொடுக்க ஆள் இல்லாததால் வீடு அவளிடமே இருக்கிறது. என்னிடம் ஒரு கட்டில்தான் இருக்கிறது.

பேத்தியின் பிறந்தநாளுக்கு அவர் வந்தார். வந்த இடத்தில் விருந்தாளி மாதிரி கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் மேல் பொத்தான் புதிதாகத் தைத்திருந்தது. நான் தையல்காரி. நான் பொத்தான் தைத்தால் நூல் இரண்டு கோடாக நேரே போகும். இது குறுக்கே பெருக்கல் குறியாகப் போயிருந்தது. கேக் வெட்டுகிறார்கள், கை தட்டுகிறார்கள், நான் அந்தப் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் குளிக்கப் போன நேரம் அந்தச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். பீடியும் வைக்கோலும் வேர்வையும் மணந்தது. வேறு ஒன்றும் இல்லை. நான் வேண்டாம் என்று விரட்டிய அதே பீடி நாற்றம். அதை விட்டுப் பிரிய எனக்கு மனமில்லை. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, மறுபடி எடுத்து மணந்தேன். பாதைக்கு நேரமாகிறது என்று அவர் அன்று பின்னேரமே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பொழுதுபடும் நேரம் மீன் வாங்கப் போகிறேன் என்று துறைக்குப் போவேன். மீன் வாங்குவதுமில்லை. அந்தக் கரையில் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வரும். அதில் எது அவருடைய வாடிப் பக்கம், எது அவளுடைய வீடு என்று பார்ப்பேன். ஆற்றைக் கடக்க அரைமணி நேரம்கூட இல்லை. ஆனால் எப்படிக் கூப்பிடுவது? முன்பென்றால் "வீட்டுக்கு வாங்க" என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட ஏலாது என்பார்கள். மீன்காரிகள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுத்தது எனக்குக் கேட்காமல் இல்லை.

தை பிறந்தது. எங்கள் வழக்கத்தில் புது வேளாமையின் முதல் நெற்கதிரை அறுத்துப் புருசன் வீட்டுக்குக் கொண்டுவருவான். பெண்சாதி அதை வாங்கி, வாசல் நிலையில் கொஞ்சம் கட்டிவிட்டு, மீதியைக் குத்திப் புது அரிசியில் புதிர்ச் சோறு ஆக்குவாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து, பிரச்சினைக் காலத்தில்கூட, ஏதோ ஒரு பிடி கதிராவது அவர் கையால் என் கைக்கு வந்திருக்கிறது. அதற்கு வராமல் இருக்க மாட்டார் என்று நான் குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு இருந்தேன்.

பாதைக்காரர்தான் வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய கதிர்க்கட்டு. "மண்டூரில இருந்து குடுத்துவிட்டாரு. வீட்டுக்காரிக்கிட்டக் குடுக்கட்டாம்" என்று சொல்லிவிட்டு, நேரே போய் மகளிடம் நீட்டினார். அதில் பிழையே இல்லை. வீட்டுக்காரி அவள்தான். மகளும் சந்தோசமாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கை தன் பாட்டுக்கு முன்னால் நீண்டு, பிறகு சேலையில் துடைத்துக்கொண்டது.

குசினிக்குப் பின்னால் போய் நின்று போன் எடுத்தேன்.

"ஏன் நீங்க வரல்ல?"

கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டார்: "எங்க வர?"

வாய்க்காரி என்று ஊரில் பெயரெடுத்தவள் நான். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை மகளிடம் மண்டூர் முருகனைக் கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதை ஏறினேன். முருகன் மன்னிப்பார், அவருக்கும் இரண்டு பெண்சாதி. இத்தனை வருசத்தில் நான் என் கணவருடைய வாடியை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. மாடு விட்டுச் சூடு மிதித்து நெல் பிரிக்கிற களத்தில் பெண்ணின் கால் பட்டால் பொலி குறையும் என்று பழைய ஆட்கள் விடமாட்டார்கள். இப்போது மெஷின் வந்து வெட்டி அடித்து மூட்டையில் போட்டுவிட்டுப் போகிறது, களமே கிடையாது. ஆனாலும் நான் போனதில்லை. ஆம்பிளை இருக்கிற இடத்தைத் தேடிப் பெண் போவதா என்று இருந்துவிட்டேன்.

மண்டூர்த் துறையில் பிடித்த ஓட்டோ வட்டை விளிம்பில் இறக்கிவிட்டது. முதல்நாள் இரவு மழை பெய்து வழியெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. கடைசி வீட்டு வாசலைப் பார்க்காமல் கடந்துவிட நினைத்தேன். முடியவில்லை.

"தங்கச்சி! என்னகா, பாக்காத மாதிரிப் போறீங்க?"

முறைப்படி அவள் எனக்கு அக்காதான். மெலிந்துபோயிருந்தாள், தலை முழுக்க வெள்ளை. நான் மனதில் வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இத்தனை நரை இருக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டாள், தேத்தண்ணி தந்தாள். நல்ல வீடு. சீமெந்துத் தரை பளபளவென்று இருந்தது. யாரும் நடக்காத தரை அப்படித்தான் இருக்கும்.

"வாடிக்கா போறீங்க?"

"ஓம்."

அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நான் மறைக்க மாட்டன் தங்கச்சி. போன மாரியில யானை வந்து வாடியப் பிச்சுப் போட்ட. அப்ப நான் கூப்பிட்டன். வந்து இஞ்ச விறாந்தையில படுங்க, வெறும் வீடுதானே எண்டன்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "மறுகா?"

"வாசல் மட்டும் வந்தாரு. பெட்டியும் கையுமா நிண்டாரு. நிண்டுட்டு, 'நான் ஒரு வீட்டுக்கு ஏற்கெனவே போனவன் மச்சாள்' எண்டு சொல்லிட்டுக் கிறுகித் திரும்பிப் போயிட்டாரு. அந்த மழைக்குள்ள போய்த் தனியாத் தகரம் அடிச்சாரு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உள்ள வந்திருந்தா நான் போகச் சொல்லியிருக்க மாட்டன். அதையும் சொல்லிடுறன்."

அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "பொத்தான் தைச்சது நீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம். பிழையா?"

"குறுக்கால தைச்சா நூல் கெதியா அறுந்திடும்" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். எழும்பும்போது அவருக்குச் சோறு போட்ட அடுக்குச் சட்டியைக் கையில் தந்தாள். "நீங்க போறீங்கதானே, இதையும் கொண்டு போங்க. இனி நான் குடுத்தனுப்ப மாட்டன்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

வரம்பு முழுக்க வழுக்கல். இரண்டு பக்கமும் நெல் விளைந்து மஞ்சளாகத் தலை சாய்ந்து நின்றது. ஒரு கையில் சேலை, ஒரு கையில் அடுக்குச் சட்டி. வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி முழங்கால்வரை புதைந்தேன். செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று. ஆனால் அடுக்குச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டேன். நான் சேற்றுக்குள், அவளுடைய சோறு என் தலைக்கு மேல். பார்க்க ஆளில்லாதது நல்லதாய்ப் போயிற்று.

வாடி ஒரு சின்னத் தகரக் கொட்டில். முன்னால் அந்தச் சாய்மனைக் கதிரை. அவர் அதில் சாய்ந்திருக்கவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு பன்றிக்குக் கட்டுகிற கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் வருவதைக் கண்டு பதறி எழும்பினார்.

"என்ன? புள்ளைக்கு ஏதும்?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல."

"மறுகா ஏன் வந்த?"

பாதையில் வரும்போது நான் நிறையப் பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். ஏச வேண்டியது, கேட்க வேண்டியது, குத்திக் காட்ட வேண்டியது. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"நேத்துக் கேட்டீங்களே, எங்க வர எண்டு" என்றேன். "கூப்பிட எனக்கு வீடில்ல. அதான் நான் வந்தன்."

அவர் என் கையிலிருந்த அடுக்குச் சட்டியைப் பார்த்தார், அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். வாங்கிக் கதிரையில் வைத்தார். பிறகு என் காலைப் பார்த்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, இரண்டிலும் முழங்கால்வரை கறுத்த சேறு. மூலையில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு வந்து, "நீட்டு" என்றார்.

நீட்டினேன். ஊற்றினார். சேறு அசையவில்லை. வாய்க்காலுக்குப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்தார். குனிந்து தன் கையாலேயே தேய்த்துக் கழுவினார். அவருடைய தலை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உச்சியில் முடி கொட்டிப்போயிருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எவ்வளவு காலம் நான் இவரைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

நிமிராமலே சொன்னார்: "பொம்பிள வயலோடயே வந்திருக்கு."

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. இந்த முறை சிரிப்பைத் தேடவில்லை, அழுதேன். அவர் வாளியை வைத்துவிட்டு, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, தகரக் கதவைத் தள்ளி ஒதுங்கி நின்றார்.

"உள்ள வா" என்றார்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் கட்டினதும் பெற்றதும் ஒரே வீட்டில். புருசன் என்னைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.